ரஞ்சன்குடி வாசலில் 840 பேர்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள், பெரம்பலூர் வருவதற்குச் சற்று முன்பு ஒரு பழைய கல்மதிலைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்திருப்பார்கள். அதுதான் ரஞ்சன்குடிக் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜாகீர்தார் கட்டியது என்பார்கள். சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், படிப்படியாக உயரும் மூன்று அடுக்கு மதில். கீழே பேட்டை, உச்சியில் கோட்டைமேடு, நிலத்தடியில் ஓர் அறை. ஆங்கிலேயர் அண்டையிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயரைத் திரித்து இதை 'வால்கொண்டா' என்று எழுதினார்கள்.

கோட்டையின் உண்மையான பலம் பீரங்கியில் இல்லை, வாசலில் பாரா நிற்பவனிடம் இருக்கிறது என்பேன். யாரை உள்ளே விடுவது, யாரைப் பிடித்து அடைப்பது என்பதெல்லாம் அந்த வாசலில்தான் முடிவாகும்.

1751-இல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்காகச் சந்தா சாகிபுக்கும் முகமது அலிக்கும் நடந்த வாரிசுப் போரில் இரு தரப்புமே இந்தக் கோட்டைத் தலைவனின் தயவை நாடின. முகமது அலி பக்கம் நின்ற ஆங்கிலேயர் பொறுமையிழந்து பேட்டைக்குத் தீ வைத்தார்கள். கல்கோட்டை அசையவில்லை. மறுநாள் சந்தா சாகிபின் படை வந்ததும் ஆங்கிலேயப் படை பீதியில் சிதறித் திருச்சிப் பக்கம் ஓடியது. அந்தப் படையில் இளம் ராபர்ட் கிளைவும் இருந்தார்.

ஓராண்டில் நிலைமை தலைகீழானது. ஸ்ரீரங்கத்தில் முற்றுகைக்குள் சிக்கிய, சந்தா சாகிபின் கூட்டாளிகளான பிரெஞ்சுக்காரர்களை மீட்கத் தோத்தேய் என்ற தளபதியைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளே அனுப்பியிருந்தார். 1752 ஜூனில் கிளைவ் அவரை ரஞ்சன்குடியில் மடக்கினார். தோத்தேயின் படை அடைக்கலம் தேடிக் கல்கோட்டையை நோக்கி ஒதுங்கியது. கதவு திறக்கவில்லை. 100 ஐரோப்பியர், 400 சிப்பாய்கள், 340 குதிரை வீரர் என மொத்தம் 840 பேர் சரணடைந்தார்கள்.

அத்தனை பேருக்கும் சோறு போட்டுக் காவல் காக்க எந்தப் படையாலும் முடியாது. அதனால் சிப்பாய்களிடம் ஆயுதத்தைப் பறித்துவிட்டு, போங்கள் என்று விடுவதே அன்றைய வழக்கம். கைதியாக வைத்துக்கொள்வது ஐரோப்பியர்களை மட்டும்தான். பாராவுக்கு ஆள் போட்டுக் காக்கும் அளவுக்கு விலை இருந்தது அவர்களுக்கு மட்டுமே. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

சில நாளில் ஸ்ரீரங்கமும் வீழ்ந்தது. அங்கே பிரெஞ்சுக்காரர்களுடன் இருந்த சந்தா சாகிப், உயிருக்கு உறுதி தந்த தஞ்சைத் தளபதி மானோஜியின் காவலிலேயே விலங்கிடப்பட்டுத் தலை வெட்டப்பட்டார்.

ரஞ்சன்குடி இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அடுத்த முறை அந்த வழியாகப் போனால் ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.