அந்தீசு மேட்டுநிலத்தின் பண்டைய வாணிகம்: திவானக்குத் தொல்லியல் உணர்த்துவன

வாணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாணயங்களையும் சாசனங்களையும் கணக்கேடுகளையுமே சான்றாகக் கொள்வர். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஒரு சமுதாயம் தொலைநாடுகளோடு பண்டமாற்றுச் செய்தமையை எவ்வாறு அறிவது? இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பி நிற்பது தென் அமெரிக்காவின் திவானக்கு நாகரிகமாகும்.

இன்றைய பொலிவியாவில், தித்திக்காக்கா வாவியின் தென்கரைக்கு அணித்தாக, கடல் மட்டத்திலிருந்து 3,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இந்நகரின் இடிபாடுகள் காணப்படுகின்றன. கி.பி. 500 முதல் 1000 வரையான காலப்பகுதியில் இது சிறப்புற்றிருந்தது. உறைபனி அடிக்கடி வீழும் அம்மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கும் கினோவாத் தானியமும் விளைந்தன. இலாமா, அல்பாக்கா மந்தைகள் மேய்ந்தன. ஆனால், விழாக்களில் பருகப்பட்ட மதுவுக்கு வேண்டிய சோளம் அங்கு எளிதில் விளைவதில்லை. கொக்கா இலையோ அறவே விளையாது. அவை தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்தே வரவேண்டியிருந்தன. சக்கர வண்டியோ சுமை இழுக்கும் எருதோ அறியாத அம்மக்களுக்கு இலாமாவே பொதி விலங்கு. அது சுமப்பது ஏறக்குறைய 25 முதல் 30 கிலோகிராம்; நாளொன்றுக்கு நடப்பது 15 முதல் 20 கிலோமீற்றர். எனவே, பாரம் குறைந்து மதிப்பு மிகுந்த பண்டங்களே நெடுந்தொலைவு செல்லத்தக்கனவாயின.

இப்பண்டங்கள் வந்த வகையை விளக்குவதில் அறிஞரிடையே இருவேறு கருத்துக்கள் நிலவின. யோன் மறா 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, அந்தீசு மக்கள் சந்தையை நாடவில்லை என்றும், வெவ்வேறு உயரங்களிலுள்ள நிலங்களில் தம்மவரையே குடியேற்றி வேண்டியவற்றை விளைவித்துக்கொண்டனர் என்றும் வாதிட்டார். அவர் ஆதாரமாகக் கொண்டவை 1562, 1567ஆம் ஆண்டுகளில் ஸ்பானிய அதிகாரிகள் எழுதிய விசாரணை அறிக்கைகளாம். இதற்கு மாறாக, டேவிட் பிறௌமன், லௌத்தாரோ நூனியெசு, தொம் டிலெகே ஆகியோர் இலாமாக் கூட்டங்களோடு ஊர் ஊராகச் சென்ற மேய்ப்பரின் பங்கினை வலியுறுத்தினர். பதினாறாம் நூற்றாண்டுச் சான்றினை அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட காலத்துக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்துமா என்பதே இவ்விவாதத்தின் உட்கிடையாகும். அதற்கு விடை பகரவேண்டியது அகழ்வாராய்ச்சியே.

அகழ்வாராய்ச்சி தந்த விடை ஒன்றன்று, இரண்டாகும். பெருவின் தென்பகுதியிலுள்ள மொக்கேகுவாப் பள்ளத்தாக்கில், ஓமோ என்னுமிடத்தில், போல் கோல்ட்சுரைன் நிகழ்த்திய ஆய்வுகள் திவானக்குப் பாணியில் அமைந்த கோயிலையும் குடியிருப்புக்களையும் வெளிப்படுத்தின. அண்மையிலுள்ள சென் சென் இடுகாட்டில் எடுக்கப்பட்ட பற்களும் எலும்புகளும் ஸ்ரொன்சியம் ஓரிடமூலகங்கள் கொண்டு ஆராயப்பட்டன. ஒருவர் இளமையில் உண்ட உணவின் வழியே அவர் வாழ்ந்த நிலத்தின் இயல்பு பற்களில் பதிவாகும். அவ்வாராய்ச்சி அங்கு புதைக்கப்பட்டோருள் சிலர் தித்திக்காக்காப் பிரதேசத்திலே பிறந்து வளர்ந்தோர் எனக் காட்டிற்று. இங்கு மறாவின் குடியேற்றக் கருத்து வலுப்பெறுகின்றது.

ஆனால், திவானக்குக்குத் தெற்கே ஏறக்குறைய 700 கிலோமீற்றர் தொலைவில், சிலி நாட்டின் சான் பெத்ரோ தெ அத்தக்காமாப் பாலைநிலச் சோலைகளில் நிலைமை வேறு. அங்குள்ள கல்லறைகளில் திவானக்கு உருவங்கள் பொறித்த மூக்குப்பொடித் தட்டுக்களும் நுண்ணிய நெசவுத் துணிகளும் கிடைத்தன. எனினும், ஆராயப்பட்ட எலும்புகளும் பற்களும் அங்குப் புதைக்கப்பட்டோர் உள்ளூராரே என உணர்த்தின. அதாவது, ஓரிடத்திற்கு மக்கள் சென்றனர். மற்றோரிடத்திற்குப் பண்டங்களும் சமயக் கருத்துக்களுமே சென்றன.

அத்தகைய பண்டங்களைச் சுமந்து திரிந்தோர் யாவர்? பொலிவியாவின் தென்மேற்கிலுள்ள ஒரு குகையிற் கிடைத்த தோற்பொதி பற்றிய ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமை வாய்ந்த அப்பொதியில் மூக்குப்பொடித் தட்டுக்களும் குழாயும், மூன்று நரி முகத்தோல்களால் தைக்கப்பட்ட பையும் இருந்தன. இரசாயனப் பகுப்பாய்வு கொக்கா முதலிய பல தாவரங்களின் எச்சங்களை இனங்கண்டது. அவற்றுள் எதுவும் அவ்வறண்ட மேட்டுநிலத்துக்கு உரியதன்று. மருந்தும் சடங்கும் அறிந்தோர் தாமே நெடுவழி நடந்தனர், அன்றேல் நெடுவழி வணிகரோடு தொடர்புற்றிருந்தனர் எனக் கருத இது இடமளிக்கின்றது.

அரசு தோன்றுமுன்னரே வழிகள் தோன்றிவிட்டன என்பதற்கு எரிமலைக் கண்ணாடி சான்று பகர்கின்றது. கத்தியும் அம்புமுனையும் செய்ய உதவிய இக்கல், பிறந்த மலைக்கேற்ப வேறுபட்ட மூலகச் சேர்க்கையை உடையது. எனவே அதன் தோற்றுவாயை ஐயமற அறியலாம். தித்திக்காக்காப் பிரதேசத்திற் கிடைத்தவற்றுட் பெரும்பாலானவை கொல்காப் பள்ளத்தாக்கை அடுத்த சிவாய்ப் பகுதியிலிருந்து வந்தவை. அத்தொடர்பு திவானக்குக்குப் பல்லாயிரம் ஆண்டு முற்பட்டது. பழைய மேய்ப்பர் பாதைகளைத் திவானக்கு பயன்படுத்திக்கொண்டது. அவற்றை அது படைக்கவில்லை. வாவியின் நடுவே கோவாப் பாறைத்திட்டினருகே நீரடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட காணிக்கைகளுள் ஸ்பொண்டிலசுச் சிப்பியும் ஒன்று. இச்சிப்பி இக்குவதோர்க் கரையை அடுத்த வெப்பக் கடலில் வாழ்வது. அது பல கைகள் மாறியே வாவியை அடைந்திருத்தல் வேண்டும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. ஒரு நாகரிகத்தின் கலைப்பொருள்கள் பரந்து கிடக்கும் நிலமனைத்தும் அதன் ஆட்சிப்பரப்பு எனக் கொள்ளுதல் தவறாகும். முன்னையோர் பலர் திவானக்குவைப் பேரரசு எனக் கூறி, கலமும் துணியும் கிடைத்த இடமெல்லாம் அதன் மாகாணம் என வரைந்தனர். பண்டத்தைப் பார்த்தனரேயன்றி அதனைப் பயன்படுத்திய மனிதரைப் பார்த்திலர். கலம் கூறாததைப் பல் கூறிற்று.

கி.பி. 1000 அளவில் திவானக்கு தளர்ந்து வீழ்ந்தது. கோயில்கள் கைவிடப்பட்டன. ஆயினும் இலாமாக் கூட்டங்கள் நின்றுவிடவில்லை. பொலிவிய மேட்டுநில மேய்ப்பர் உப்புப் பாளங்களை ஏற்றிச்சென்று பள்ளத்தாக்குச் சோளத்துக்கு மாற்றிய வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நிலவியது. அரசுகளின் வரலாறு கற்களில் நிற்கின்றது. வாணிகத்தின் வரலாறோ அரசுகளுக்கு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த இம்மக்களின் அடிச்சுவடுகளில் உள்ளது. அச்சுவடுகளைத் தேடுவதே தொல்லியலின் கடன்.