ஆல்டன் குடும்பம்

ஆல்டன் குடும்பம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டக்ஸ்பரி என்ற கடலோர ஊரில் வேர்விட்ட முன்னோடிக் குடும்பங்களுள் ஒன்று. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய ஜான் ஆல்டன், பிரிசில்லா மல்லின்ஸ் இருவரிடமிருந்து இதன் வம்சாவளி தொடங்குகிறது. இவர்களின் வழித்தோன்றல்கள் 1901இல் ‘ஆல்டன் கிண்ட்ரட் ஆஃப் அமெரிக்கா’ என்ற குடும்பச் சங்கத்தை அமைத்தார்கள். ஆண்டுக்கொருமுறை கோடையில் டக்ஸ்பரியின் பூர்வீக வீட்டில் கூடுவது இச்சங்கத்தின் மரபு.

ஜான் ஆல்டன் பீப்பாய் செய்யும் தொழிலாளி. சமய விடுதலை தேடிப் புறப்பட்ட குழுவைச் சேர்ந்தவரல்லர். கப்பலின் பீப்பாய்களைக் கவனிக்க சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். அக்கரை சேர்ந்தபின் தங்குவதும் திரும்புவதும் அவர் விருப்பம் என்பது ஏற்பாடு. அவர் தங்கிவிட்டார். பிரிசில்லாவின் தந்தை வில்லியம் மல்லின்ஸ், இங்கிலாந்தின் டார்க்கிங் ஊரைச் சேர்ந்த செருப்பு வணிகர். புதிய நாட்டில் விற்கலாம் என்று 21 டஜன் செருப்புகளையும் 13 ஜோடி பூட்ஸுகளையும் கொண்டுவந்தார் என்பது அவருடைய உயிலில் இருந்து தெரிகிறது. முதல் குளிர்காலத்தில் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டார்கள். பிரிசில்லாவின் தாய், தந்தை, தம்பி, வீட்டு வேலையாள் நால்வரும் அவர்களில் அடக்கம். உற்றார் ஒருவரும் உடனில்லாத அந்த இளம்பெண்ணை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜான் மணந்தார்.

இந்தக் கொடிவழியின் பலம் ஆவணங்களில் இருக்கிறது. 1627இல், கப்பலில் வந்தவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் மாடுகளைப் பங்கு பிரித்தபோது யாருக்கு எந்த மாடு என்று ஆள்பெயர் வாரியாக எழுதிவைத்தார்கள். அந்தப் பட்டியலில் ஜான், பிரிசில்லாவுடன் எலிசபெத், ஜான் என்று இரு குழந்தைகளின் பெயர்கள் உள்ளன. மாட்டுக் கணக்கே குடும்பத்துக்குப் பிறப்புச் சான்றானது. ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு 1650ஐ ஒட்டி எழுதிய பயணிகள் குறிப்பு, இத்தம்பதிக்கு 11 பிள்ளைகள் என்கிறது. ஆனால் பெயர் தெரிந்த பிள்ளைகள் 10 பேர் மட்டுமே. இல்லாத ஒரு பெயரைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்டாமல் பத்தோடு நிறுத்திக்கொண்டதே இந்த வம்சாவளி ஆய்வின் நேர்மைக்கு நல்ல சான்று.

மூத்தவள் எலிசபெத், வில்லியம் பேபடியை மணந்து 13 பிள்ளைகளைப் பெற்றாள். 90 வயதைக் கடந்து வாழ்ந்து 1717இல் ரோட் ஐலண்டின் லிட்டில் காம்ப்டனில் இறந்தாள். கப்பல் தலைவனாக இருந்த இளைய ஜான் ஆல்டன்மீது 1692இல் சேலம் சூனிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டது. பாஸ்டன் சிறையில் பல வாரங்கள் கிடந்து தப்பியோடிய அவர், அடுத்த ஆண்டு விடுவிக்கப்பட்டார். தமக்கு நேர்ந்ததை அவரே எழுதிவைத்ததால், அந்தக் கொடுமையைப் பாதிக்கப்பட்டவரின் சொற்களிலேயே நாம் அறிய முடிகிறது. ரூத் என்ற மகள் ஜான் பாஸை மணந்தாள். அவள் மகள் ஹன்னா, ஜோசப் ஆடம்ஸுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஹன்னாவின் பேரன்தான் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ். ஆறாம் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அவருடைய மகன். கவிஞர்கள் லாங்ஃபெலோ, வில்லியம் கல்லன் பிரையன்ட் இருவரும் தாய்வழியில் இக்குடும்பத்தவர்கள். புகழ்பெற்ற இந்த நால்வரில் ஒருவருக்கும் ஆல்டன் என்ற குடும்பப்பெயர் இல்லை. இக்குடும்பத்தைப் பரப்பியவர்களில் மகள்களின் பங்கு பெரிது. தந்தைவழிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் பெரும்பகுதி விட்டுப்போயிருக்கும்.

பொதுமக்கள் இக்குடும்பத்தை அறிந்தது லாங்ஃபெலோ 1858இல் வெளியிட்ட ‘மைல்ஸ் ஸ்டாண்டிஷின் காதல்’ என்ற நெடுங்கவிதையால். மனைவியை இழந்த படைத்தலைவர் ஸ்டாண்டிஷ், பிரிசில்லாவிடம் பெண் கேட்க ஜானைத் தூது அனுப்புகிறார். அவளோ தூது வந்தவனையே விரும்புகிறாள். குடும்பத்தில் வழங்கிய இக்கதையை டிமத்தி ஆல்டன் 1814இலேயே அச்சேற்றியிருந்தார். நடந்ததற்கு அக்காலச் சான்று ஏதுமில்லை. சான்றுள்ள செய்தி இதைவிடச் சுவையானது: ஜானின் மகள் சாராவை ஸ்டாண்டிஷின் மகன் அலெக்சாண்டர் மணந்தார். கதையில் போட்டியாளர்களான இருவரும் வாழ்வில் சம்பந்திகள். இன்றைய வழித்தோன்றல்கள் பலருக்கு இருவருமே மூதாதையர்.

ஜான் ஆல்டன் குடியேற்றத்தின் கடனைத் தலைமேல் ஏற்றுக்கொண்ட எட்டுப்பேரில் ஒருவர்; நெடுங்காலம் ஆளுநரின் உதவியாளராக இருந்தார். பிளிமத்திலிருந்து டக்ஸ்பரிக்குக் குடிபெயர்ந்தவர், தம் நிலங்களை வாழும்போதே பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்தார். 1687இல் அவர் இறந்தபோது, கப்பலில் வந்தவர்கள் தம் ஆட்சிக்காக எழுதிக்கொண்ட மேஃபிளவர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட 41 பேரில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. ஆல்டன்கள் குடியேறிய நிலத்தின் முன்கதையையும் சொல்லியாக வேண்டும். டக்ஸ்பரி அதற்குமுன் வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களின் மட்டாகீசெட். குடியேறிகள் வருவதற்குச் சற்றுமுன், 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அக்கரையோர மக்களில் பெரும்பாலோரை அழித்திருந்தது. எந்த ஆல்டன் வரலாறும் அந்த இழப்பை விட்டுவிட்டு முழுமையாகாது.

டக்ஸ்பரியில் ஜான் ஆல்டனின் முதல் வீட்டின் அடித்தளத்தை 1960இல் ரோலண்ட் வெல்ஸ் ராபின்ஸ் அகழ்ந்து கண்டார். ஒடுங்கி நீண்ட சிறு வீடு அது. இன்று நிற்கும் பெரிய மரவீடு 1653இல் கட்டப்பட்டது என்று வழிவழியாகச் சொல்லப்பட்டாலும், பிற்கால ஆய்வுகள் அது அதைவிடப் பிந்தியது என்று காட்டுகின்றன. 1907 முதல் அது குடும்பச் சங்கத்தின் உடைமை.

எபனேசர் ஆல்டன் 1867இல் வெளியிட்ட நூல் இக்குடும்பத்தின் தொடக்ககால வம்சாவளி நூல். மேஃபிளவர் வழித்தோன்றல்களின் பொதுச் சங்கம் 1897இல் தோன்றியபின் ஆய்வு கறாரானது. அச்சங்கம் வெளியிட்டுவரும் ஐந்து தலைமுறை வரிசை நூல்களில் 16ஆம் தொகுதி ஜான் ஆல்டனுக்கு உரியது. பல பகுதிகளாக விரிவது. நூலில் இடம்பெற்ற ஐந்தாம் தலைமுறைவரை ஒருவர் தம் கொடியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், அதற்குமேல் வழி தெளிவாக இருக்கிறது. இடைப்பட்ட தலைமுறைகளுக்குப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேடியெடுப்பதுதான் கடினமான வேலை.

சங்கத்தின் கோடை ஒன்றுகூடலுக்கு வருவோர் வெவ்வேறு மாநிலத்தவர்; வெவ்வேறு குடும்பப்பெயர் தாங்கியவர்கள். முன்பின் பார்த்திராத இருவர் எந்த மகன், எந்த மகள் வழி என்று விசாரித்து உறவு கண்டுகொள்ளும் நாள் அது. கூடிக் கலைவதோடு நில்லாமல், வீட்டைப் பேணும் பொறுப்பையும் இந்தச் சொந்தங்களே சுமக்கிறார்கள். நூற்றாண்டு கடந்தும் சங்கம் நிலைத்ததற்கு அந்தப் பொறுப்பே முதற்காரணம் என்று கொள்ளலாம். 2008இல் அமெரிக்க அரசு முதல் வீட்டு மனையையும் இன்றுள்ள வீட்டையும் சேர்த்துத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.