உளவாளி கொண்டுவந்த பழம்

ஸ்ட்ராபெரி ஜாம் என்றதும் வெள்ளைக்காரர் வீட்டுக் காலை உணவுதான் நம் கண்முன் நிற்கும். ஆனால் அந்த பாட்டிலுக்குள் இருக்கும் பழத்துக்கும் சரி, சர்க்கரைக்கும் சரி, பூர்வீகம் ஐரோப்பா இல்லை.

முதலில் போய்ச் சேர்ந்தது சர்க்கரை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தை, ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் கைவந்திருந்தது. அது பாரசீகத்துக்குப் போய், அரபு வணிகர்களின் கைமாறி மத்தியதரைக் கடலை எட்டியது. அதுவரை பழங்களைத் தேனில் ஊறவைத்துக் காப்பாற்றிய ஐரோப்பியர்களுக்கு, சர்க்கரை மருந்துக்கடையில் கிடைக்கும் விலையுயர்ந்த சரக்கு. 1555இல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர், பழங்களைச் சர்க்கரையில் பதப்படுத்தும் செய்முறைகளை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் அவருடைய ஆரூடங்களும் அச்சேறின. நோஸ்ட்ரடாமஸ்தான் அவர்! ஆரூடங்களைவிடச் செய்முறைகள் நம்பகமானவை என்பது என் கட்சி.

ஆனால் அவர் காலத்து ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ராபெரி விரல்நகம் அளவுதான். பெரிய பழத்துக்கு ஓர் உளவாளி தேவைப்பட்டார். தென் அமெரிக்காவின் ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்க்க, பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயி ஃப்ரெசியே என்ற ராணுவப் பொறியாளரை அனுப்பினார். வணிகர் வேடத்தில் 1712இல் புறப்பட்ட அவர், சிலி நாட்டில் கோட்டைகளோடு ஸ்ட்ராபெரித் தோட்டங்களையும் கண்டார். நல்ல தண்ணீர் அரிதான கப்பலில் ஆறு மாதம் செடிகளுக்கு ஊற்றி, 1714இல் ஐந்தை உயிரோடு பிரான்சில் இறக்கினார். செடிகள் பூத்தன, ஆனால் காய்க்கவில்லை. பெரிய பழம் இருந்த செடிகளையே பார்த்துப் பார்த்து எடுத்துவந்தாரே, அத்தனையும் பெண் செடிகள்!

ஐரோப்பியத் தோட்டங்களில் ஏற்கெனவே குடியேறியிருந்த வட அமெரிக்க ஸ்ட்ராபெரிதான் பிறகு மகரந்தம் கொடுத்தது. சொந்தக் கண்டத்தில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து கிடந்த இரண்டு இனங்கள், அட்லாண்டிக் கடந்து வந்து கலந்தன. இன்று நாம் தின்னும் பழம் அந்தக் கலப்பின் வாரிசுதான். பெற்றோர் யார் என்று 1766இல் நூல் எழுதி விளக்கிய துஷேனுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை.

ஜாம் ஏழை வீட்டுக்கு வர, சர்க்கரை மலிய வேண்டியிருந்தது. கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில்தான் அது மலியத் தொடங்கியது. பின்னாளில் பீட் கிழங்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியை நீக்கியதும் ஆலைத் தொழிலாளியின் ரொட்டியிலும் ஜாம் ஏறியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, ஜாம் அனுப்ப வேண்டியவர் கைவிட்டதால் தானே காய்ச்சத் தொடங்கிய லங்காஷயர் மளிகைக்காரர் வில்லியம் ஹார்ட்லி, பெரிய ஆலை முதலாளியாகிவிட்டார். மலிவு ஜாமில் டர்னிப் கிழங்கைக் கலந்தவர்களும் உண்டு. மரத்துண்டில் பழவிதை செய்து போடுகிறார்கள் என்றுகூட ஒரு வதந்தி உலவியது.

வீட்டு ஜாமுக்கோ, காற்றுப் புகாத பாட்டில் வேண்டுமே? 1858இல் அமெரிக்கரான ஜான் மேசன் திருகு மூடி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். அது காலாவதியானதும் ஆளாளுக்கு அதே பாட்டிலைச் செய்தார்கள். மேசனின் பெயரையும் காப்புரிமைத் தேதியையும்கூட அப்படியே கண்ணாடியில் பொறித்துக்கொண்டார்கள். பணம் அவர்களுக்கு, பெயர் மேசனுக்கு.

அடுப்படியில் மட்டும் ஸ்ட்ராபெரி இன்னும் முரண்டுபிடிக்கிறது. ஜாமை இறுகவைக்கும் பெக்டின் இதில் குறைவு. பழம் கனியக் கனிய இன்னும் குறையும். அதனால் சற்றே காயான பழங்களையும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, ஏறக்குறைய பழத்தின் எடைக்குச் சர்க்கரை போட்டு, 105 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கவிடுவார்கள். சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சைக்குத் தண்ணீர் கிடைக்காது. பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுவார்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம்.

நம் பக்கம் மகாபலேஷ்வரில் விளையும் ஸ்ட்ராபெரி 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே பயிராகும் கமரோசா கலிஃபோர்னியாவிலும் ஸ்வீட் சார்லி ஃப்ளோரிடாவிலும் உருவான ரகங்கள். ஆனால் அதைக் காய்ச்ச இப்போது சர்க்கரையைத் தேடிக் கப்பலேற வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்துக் கரும்பே போதும்.