செவியும் நம்பிக்கையும்

ஒலியைக் கேட்பது செவி. அது நன்று, தீது எனத் தீர்ப்புக் கூறுவது மனம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு வெளியிலே பெரும் வாணிகம் நடந்து வந்திருக்கிறது. அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1877-ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைப் படைத்த தாமஸ் எடிசன், 1912-இல் வைர ஊசி கொண்டு இயங்கும் புதிய இசைத்தட்டை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனைப் பரப்பும் பொருட்டு, அவருடைய நிறுவனம் 1915 முதல் 1925 வரை அமெரிக்க நகரங்களில் ‘ஒலிச் சோதனை’ என்ற பெயரால் நிகழ்ச்சிகள் நடத்திற்று. மேடையில் பாடகி ஒருவர் இசைப்பெட்டியின் அருகே நின்று அதனோடு இணைந்து பாடுவார்; இடையிடையே வாய்மூடி நிற்பார்; பெட்டி மட்டும் பாடும். சில வேளைகளில் அரங்க விளக்குகள் அணைக்கப்படும். மீண்டும் ஒளி பரவும்போது பாடகி மேடையில் இரார். பாட்டு மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும்! குரல் எது, தட்டு எது என்று பிரித்தறிய இயலவில்லையென மக்கள் வியந்தனர்.

இன்று அத்தட்டுகளைக் கேட்போர்க்கு அவ்வியப்பே வியப்பாக இருக்கும். அவை மின் ஒலிவாங்கியின்றி, கூம்பு வழியாகப் பதிவானவை. மிகத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் அவற்றில் விழவில்லை. பின் எவ்வாறு மக்கள் மயங்கினர்? அந்நிகழ்ச்சிகளில் பாடிப் புகழ்பெற்ற அன்னா கேஸ் என்னும் அம்மையார், 1972-இல் அதற்கு விடை கூறினார். பெட்டியின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை அமைத்துக்கொண்டாராம். ஆகவே, குரலைப் போலப் பெட்டி பாடவில்லை. பெட்டியைப் போலக் குரல் பாடிற்று! சோதனை என்பது பெயர், சோதித்தவரோ விற்பவர்.

உண்மையான சோதனை எவ்வாறிருக்கும் என்பதை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மருத்துவ உலகம் காட்டியிருந்தது. அமெரிக்க மருத்துவர் எலைஷா பெர்க்கின்ஸ், உடலின்மேல் இழுத்தால் நோவைப் போக்கும் என்று சொல்லி, இரண்டு உலோகக் கோல்களுக்கு 1796-இல் காப்புரிமை பெற்றார். அவை இங்கிலாந்திலும் உயர்ந்த விலைக்கு விற்றன. 1799-இல் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்னும் மருத்துவர், மரக்கோல்களுக்கு உலோகம் போல வண்ணம் பூசி, கீல்வாத நோயாளர் ஐவர்மீது பயன்படுத்தினார். நால்வர் நோவு தணிந்ததாகக் கூறினர். மறுநாள் மெய்யான உலோகக் கோல்களைப் பயன்படுத்தியபோதும் பயன் ஏறத்தாழ அதுவே. அந்நோயாளர் பொய் சொன்னாரல்லர். அவர்தம் நம்பிக்கை வேலை செய்தது.

இசைக்கருவிகளின் துணைப்பொருள் வாணிகத்திலும் இதே கதை தொடர்ந்தது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குறுந்தகட்டின் விளிம்பிலே பச்சை மை தீட்டினால் இசை தெளிவுறும் என்ற நம்பிக்கை பரவிற்று. 2007-இல், 12 அடி நீளமுள்ள ஒலிபெருக்கிக் கம்பி இணையொன்றின் விலை 7,250 டாலர்! அதனைச் சாதாரணக் கம்பியிலிருந்து செவியால் பிரித்தறிவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாக ஜேம்ஸ் ராண்டி என்னும் மாயவித்தைக் கலைஞர் அறைகூவினார். பேச்சுகள் நடந்தன, சோதனை நடைபெறவில்லை.

இயற்பியல் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள எளிய செப்புக் கம்பி, 12 அடி தொலைவுக்குப் போகவும் வரவுமாகத் தரும் மின்தடை சுமார் 0.04 ஓம். ஒலிபெருக்கியின் தடையோ பெரும்பாலும் 8 ஓம். இருநூறில் ஒரு பங்கான தடையை அகற்ற ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டுமா? மிக மெல்லிய கம்பியை மிக நெடுந்தொலைவு இழுத்தால் கேடு உண்டு என்பது மெய்யே, அதற்கு மருந்து தடித்த கம்பிதான், விலையுயர்ந்த கம்பியன்று.

ஐயம் எஞ்சினால் செவியையே நடுவராக்கலாம். ஆனால் விலைச்சீட்டு அதன் காதில் ஓதலாகாது. இரண்டு கம்பிகளின் ஒலியளவையும் சமமாக்குக. ஏனெனில் சிறிதே உரத்த ஒலி நமக்கு இனிய ஒலியாகத் தோன்றும். எது இயங்குகிறது என்பதைக் கேட்பவரும் அறியலாகாது. உடனிருந்து நடத்துபவரும் அறியலாகாது. 16 முறை கேட்கச் செய்க. குருட்டாம்போக்கில் சொல்பவரும் ஏறத்தாழ 8 முறை சரியாகச் சொல்வார். 12 முறையேனும் சரியாகச் சொன்னாலே வேறுபாடு உண்டென எண்ண இடமுண்டு.

விலைமிக்க கம்பியை வாங்கி இசை இனித்தது என்பவரை நகைப்பது அறிவாகாது. அவருக்கு அது மெய்யாகவே இனித்தது. ஹேகார்த்தின் நோயாளருக்கு நோவு தணிந்தது போன்றதே அதுவும். பிழை அவர் செவியில் இல்லை. அச்செவியைத் தனியே விட்டுச் சோதிக்க மறுத்த விற்பனையில் இருக்கிறது. ஆகவே மாணவர்களே, அரிய பொருளொன்றை எவரேனும் உங்கள்முன் வைத்தால், பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுச் சோதிக்க இசைவாரா என்று முதலில் கேளுங்கள். அவர் தரும் விடையே பொருளின் தரத்தைப் பாதி சொல்லிவிடும்.