பழக்கமும் விழிப்பும்

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அருகே உழைப்போர் முதற்கண் கற்பது, ஓடும் பெல்ட்டை நோக்கிக் கை நீளலாகாது என்பதே. ஆயினும் மனம் விழிக்குமுன் பழகிய கை நீண்டுவிடும். இவ்விழுபறியை உளவியலார் அளந்து பார்த்த வரலாறு ஒன்றுண்டு.

நிறத்தின் பெயரைச் சொல்வதைவிடச் சொல்லை வாசிப்பது விரைவானது என 1886-இல் ஜேம்ஸ் கேட்டல் கண்டார். நெடும் பழக்கத்தால் வாசிப்பு தன்னியல்பாய் நிகழ்கிறது என்றார். 1935-இல் அமெரிக்கரான ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் இவ்விரண்டையும் மோதவிட்டார். 'சிவப்பு' என்னும் சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் கூறச் செய்தார். வெறும் நிறக்கட்டங்கள் நூற்றுக்குச் சராசரி 63 வினாடிகள் போதின. முரண்பட்ட சொற்கள் நூற்றுக்கோ 110 வினாடிகள் பிடித்தன. பல நாள் பயிற்சியால் அத்தடுமாற்றம் குறைந்தது.

நம் நாட்டில் உளவியல் துறை 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தோன்றியது.

ஸ்ட்ரூப் பிற்காலத்தில் விவிலியம் கற்பிப்பதிலேயே ஈடுபட்டார். அவர் கண்ட தாமதம் சொல்லொன்றுக்கு ஏறத்தாழ அரை வினாடி. பெல்ட் அருகே நீளும் கையை நிறுத்தவும், செபமாலையில் பராக்கை உணர்ந்து மனத்தைத் திருப்பவும் வேண்டுவது அச்சிறு தாமதமே. அன்பர்களே, அதை வீண் என எண்ணாதிருப்போம்.