குடிமீட்புக் கூட்டங்கள்: போடியும் ஏலமலையும்

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் குறித்த கிழமையில், குறித்த இடத்தில் கூடித் தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்வது குடிமீட்புக் கூட்டம். இதன் மூல வடிவம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் இது பிறந்தது. இருவரும் குடிநோயாளிகள். இந்தியாவில் ஏ.ஏ. 1957 முதல் இயங்குகிறது.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் விடியலிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, பொழுது சாயத் திரும்பும். காய் எடுப்பு, கவாத்து, மருந்தடிப்பு என்று எல்லாமே உடம்பை முறிக்கும் வேலை. ‘உடம்பு வலிக்கு’, ‘குளிருக்கு’ என்றுதான் பலருக்கும் பழக்கம் தொடங்குகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் டாஸ்மாக், அந்தப் பக்கம் கேரள அரசின் பெவ்கோ. ஒரு குவார்ட்டரைக் கட்டிங் போட்டுப் பங்கிட, கூட வேலை செய்பவரே இருக்கிறார். ஆகவே இங்கே குடியை விடுவது ஒரு சேர்க்கையை விடுவதும்தான். அந்த இடத்தை வேறொரு சேர்க்கை நிரப்பாவிட்டால் உறுதி நிற்பது கடினம்.

இதை ஊர் ஏற்கெனவே அறியும். குடியை நிறுத்தக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் சபரிமலைக்கு மாலை போடுவதும் இங்கே பழகிய வழிகள். மாலை போட்ட 41 நாளும் தொடாதவர், கழற்றிய வாரமே பழையபடி ஆவதை எத்தனையோ வீடுகள் பார்த்திருக்கின்றன. பக்தியில் குறை இல்லை. விரத நாள்களில் குருசாமியும் பஜனைக் குழுவும் உடன் இருந்தார்கள். மாலையோடு அந்தத் துணையும் போய்விடுகிறது. கூட்டம் அந்தத் துணையை ஆண்டு முழுவதும் தருகிறது.

ஆனால் கூட்டம் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர் தானாகச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் நேரலாம். மாலை போடுகிறவருக்கும் இது பொருந்தும். போடி அரசு மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தயமின் என்ற பி1 உயிர்ச்சத்தும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் அங்கே மருத்துவர் பார்வையில் கிடைக்கும்.

பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று மனநலப் பிரிவில் கேட்கலாம், ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்திலும் பார்க்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மலைமேல் தங்கி வேலை செய்பவர்கள் கேரளக் கலால் துறையின் போதை மீட்புத் திட்டமான விமுக்தியின் எண் 14405ஐ அழைக்கலாம். அலைபேசி வழிக் கூட்டங்களும் உண்டு. கடைசி ஜீப்பைத் தவறவிட்டவருக்கு அதுவே வழி.

கூட்டத்துக்கு முதல் முறை போகிறவருக்கு அங்கே வியப்பளிப்பது, யாரும் புத்தி சொல்லாததுதான். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். அடகு வைத்த தாலி, பிள்ளை பேசாமல் போன நாள், இன்று குடிக்காமல் கழிந்த பொழுது என்று பேச்சு போகும். குறுக்கே யாரும் பேசுவதில்லை. பேச மனமில்லாதவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கட்டணம் கிடையாது, செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் போடலாம். முழுப்பெயரும் ஊரும் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த போடியில் இது சின்ன விஷயமல்ல. கூச்சமுள்ளவர் தேனிக்கோ மதுரைக்கோ போய்த் தொடங்குவதில் தவறே இல்லை.

பலன் பற்றிய சான்றும் உண்டு. 27 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவச் சான்றாய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, ஏ.ஏ.யில் சேர்ந்து தொடர வழிகாட்டும் முறையான சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமலிருக்க உதவுவதில் மற்ற சிகிச்சைகளைவிட முந்துகின்றன என்றது. தமிழ்நாட்டில் குடிநோய்ச் சிகிச்சைக்கு முன்னோடி, சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை. 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் அது முகாம் நடத்தி, சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோனது. கூலி வேலை செய்பவரை ஊரைவிட்டு வெகுதூரம் வரச் சொல்லாத அந்த முறை ஏலமலைக்கு மிகவும் ஏற்றது.

குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியும் பெற்றோரும் தனியே கூடலாம். அதற்கான அல்-அனான் அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அருகில் கூட்டமே இல்லையென்றால், ஏ.ஏ. மரபுப்படி குடியை விட விரும்பும் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு குழு. பள்ளி அறையோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் போதும். போடியில் அதற்கேற்ற நேரம், ஜீப்புகள் இறங்கி, ஆட்கள் குளித்துச் சாப்பிட்ட பிறகான இரவு எட்டு மணி.