ரிவ்யூ நோட்டில் ஒரு எண்: இதய ஆபரேஷனுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

போன எபிசோடில் முத்துக்குளிப்பு பற்றிப் பேசினோம். தூத்துக்குடியில் 1955ல் அரசு மறுபடி ஆரம்பித்த முத்துக்குளிப்பு 1961ல் நின்றுபோனது என்று சொல்லியிருந்தேன். அதே 1961ல்தான் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் என். கோபிநாத் குழு, இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சையைச் செய்தது. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, சும்மா ஒரே வருஷம், அவ்வளவுதான். ஆனால் எபிசோடைக் கேட்ட திரேஸ்புரம் நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி ரெண்டையும் சேர்த்து வைத்துவிட்டது.

அவங்க அப்பா விசைப்படகுத் தொழிலாளி. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து வீட்டுக்கு வந்திருக்கார். "அப்பா நல்லாத்தான் இருக்கார். தடைக்காலம் முடிஞ்சதும் கடலுக்குப் போகணும்னு நிக்கிறார். எதுக்கு சார் இத்தனை தடவை ரிவ்யூவுக்குக் கூப்பிடுறாங்க?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. ஒவ்வொரு ரிவ்யூவும் ஒரு நாள் கூலி, ரெண்டு பேர் பஸ் காசு.

இதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற டாக்டரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற எஞ்சினியரும் சேர்ந்து செய்த கூண்டுக்குள் பந்து மாதிரியான வால்வு 1960ல் மனுஷங்களுக்குப் பொருத்தப்பட்டது. வால்வு வேலை செய்தது. ஆனால் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். அதன்மேல் ரத்தம் உறையும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம், வால்வையே அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் உலோக வால்வு வைத்தவங்க ஆயுசுக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும்.

அந்த மாத்திரையோட கதை மாட்டுத் தொழுவத்தில் ஆரம்பிக்குது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் கெட்டுப்போன ஒருவகைத் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து வந்த வார்ஃபரின் 1948ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954ல் மனுஷங்களுக்கு மருந்தானது. எலி மருந்தா என்று பயப்பட வேண்டாம். ஆனால் அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. அந்த நடுக்கோட்டில் நிக்கிறோமான்னு பார்க்கத்தான் ரிவ்யூ.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. 1935ல் அர்மாண்ட் குவிக், ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகுதுன்னு அளக்கும் சோதனையைக் கொண்டுவந்தார். ஆனால் ஒவ்வொரு லேப்பும் பயன்படுத்திய ரசாயனம் வேற வேற. வேலூர் லேப்பில் 25 விநாடி என்றால் தூத்துக்குடி லேப்பில் அதே ரத்தம் வேற எண் காட்டலாம். அப்போ ஆபரேஷன் செய்த ஊருக்கே போய்ச் சோதித்தால்தான் டாக்டருக்கு நம்பிக்கை. தூத்துக்குடியிலிருந்து வேலூர் 500 கிலோமீட்டருக்கு மேல! 1983ல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற பொது அளவை ஏற்றுக்கொண்டது. எந்த ஊர் லேப்பாக இருந்தாலும் எண்ணுக்கு ஒரே அர்த்தம். நல்ல உடம்பில் 1 கிட்ட இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் பொதுவா 2.5க்கும் 3.5க்கும் நடுவில் வைப்பாங்க. உங்க அப்பாவுக்கு எது என்பதை அவரோட டாக்டர்தான் நோட்டில் எழுதணும். பக்கத்து லேப்பில் பார்த்துவிட்டு எண்ணை போனில் சொல்லி, மாத்திரை அளவை மாத்திக்க முடியுதே, அதுக்குப் பின்னாடி இந்த 1983 இருக்கு.

நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் திருநெல்வேலி, நாகர்கோவில் தாண்டி திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவமனைக்குப் போறாங்க. அங்கே டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழு, வெளிநாட்டு வால்வோட விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாதுன்னு சொந்தமா ஒண்ணு செய்தது. மூணு மாடல் தோத்துச்சு. ஒண்ணில் செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்து ஆட்டுக்குப் பொருத்தினாங்க, அந்தத் தட்டு உடைஞ்சு போச்சு. பிளாஸ்டிக் தட்டு வைத்த நாலாவது மாடல்தான் நின்றது. 1990 டிசம்பர் 6 அன்னைக்கு முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. அதோட முடியல. 6 மருத்துவமனைகளில் 306 பேரைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்துதான் "இந்த வால்வை நம்பலாம்" என்று சொன்னாங்க. அந்த 306 பேர் ரிவ்யூவுக்கு வராமல் இருந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியே இருக்க முடியாது.

சரி, ரிவ்யூவில் என்னதான் செய்வாங்க? முதல் தடவை காயம், தையல், காய்ச்சல் இருக்கான்னு பார்ப்பாங்க. இ.சி.ஜி., எக்கோ எடுப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க. ஆரம்பத்தில் ஐ.என்.ஆர். அடிக்கடி, நிலையானதும் மாசத்துக்கு ஒரு தடவை மாதிரி. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருப்பாங்க. அது கூட 6 முதல் 8 வாரம் ஆகும், கனமா இழுக்கிற வேலைக்கு ஏறக்குறைய 3 மாசம். வலை இழுக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, அதனால தேதியை டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க. கீரையை விடச் சொல்ல மாட்டாங்க. வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடச் சொல்வாங்க. ஒரு வாரம் முருங்கைக்கீரை தினமும், அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னா எண் ஆடும். மெடிக்கல் ஷாப்பில் நாமா வாங்கும் வலி மாத்திரையும் அதே மாதிரி ஆபத்து. பல் பிடுங்கப் போனால் வால்வு இருக்குன்னு முதலில் சொல்லணும்.

ஈறில் ரத்தம், கறுப்பு மலம், மூச்சுத் திணறல், வாய் குழறுதல், வழக்கமா கேட்கிற டிக் டிக் சத்தம் மங்குதல், இதில் எது வந்தாலும் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்த நேயருக்கு ஒரு வார்த்தை. படகில் தூண்டில் முள்ளும் கத்தியும் கிழிச்சா அப்பாவுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். அதை அடுத்த ரிவ்யூவில் கேளுங்க. அவர் கடலுக்குப் போறதா முடிவானால் மாத்திரை, நோட்டு ரெண்டும் தண்ணி புகாத கவரில் அவர் கூடவே போகட்டும்.